வாயில்லா ஜீவன்களின் சாப்பாடு

கேள்வி: பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. எப்படிச் சாப்பிடுகிறது?

பதில்: முதலில் செரிமானம், பிறகுதான் சாப்பாடு. பல வகைகள் நொதிகளை வெளியே விட்டு, மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலமாகவும் உடைக்கும். உடைந்த துணுக்குகளைச் செல்சவ்வுப் புரதங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: தயிர் ஏன் புளித்துக்கொண்டே போகிறது? அதில் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்?

பதில்: லாபம் சொற்பம். ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கும் செல், ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி ஆற்றல் மூலக்கூறுகளை எடுத்துவிடும். தயிர் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது 2. அதனால் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை விடாமல் தின்று, லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. கழிவைத்தான் சாப்பிடுகிறோமா என்று முகம் சுளிக்காதீர்கள், பாலை உறைய வைப்பதே அந்த அமிலம்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் வேகம் குறையும், அடியோடு நிற்காது. லாக்டோஸ் தீரும் முன்பே, தான் விட்ட அமிலத்தைத் தானே தாங்க முடியாமல் பாக்டீரியா ஓய்ந்துவிடும்.

கேள்வி: நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் முண்டுமுண்டாக இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விரலால் தள்ளியதும் முண்டு தனியே உதிர்ந்தால் அது ரைசோபியம் வகை பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு. வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் நூற்புழுவைச் சந்தேகப்படலாம்.

உதிர்ந்ததை நகத்தால் கீறுங்கள். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம், நம் ரத்த ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரன். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் பாழாகும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்க, லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ரேஷன் போல அளந்து கொடுக்கிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி செலவாகும். அந்தச் செலவுக்கான உணவைக் கொடுப்பது செடி; பதிலுக்கு அதற்கு அம்மோனியா கிடைக்கிறது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கடலைக்கு யூரியா போடுமுன் வேரைப் பாருங்கள் என்பேன்.

கேள்வி: வெயிலும் படாமல், மட்கவும் ஒன்றுமில்லாத இடத்தில் பாக்டீரியா பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைவெடிப்பு நீரில் டீசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர் என்றொரு பாக்டீரியா வாழ்கிறது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்க, ஹைட்ரஜன் உண்டாகிறது. அந்த ஹைட்ரஜனின் எலக்ட்ரானை சல்பேட்டுக்குக் கைமாற்றுவதில் கிடைக்கும் ஆற்றல்தான் இதன் ஜீவனம். கார்பனையும் நைட்ரஜனையும் சுற்றுப்புறத்திலிருந்து தானே எடுத்து, தன் உடலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளத் தேவையான மரபணுக்களும் இதனிடம் இருக்கின்றன.