தினமும் தலைவலி மாத்திரை: வலிக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்

கேள்வி: வயது 38, கணக்கர் வேலை. முன்பு எப்போதாவது ஒற்றைத் தலைவலி வரும், மாத்திரை போட்டால் போய்விடும். ஒரு வருடமாகத் தினமும் காலையில் ஒன்று போட்டால்தான் வேலை ஓடுகிறது. போடாவிட்டால் வலி இன்னும் மோசம். வேறு மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம், நிறுத்தப் பாருங்கள். தலைவலிக்காரர்கள் வலி மாத்திரையை அடிக்கடி போட்டால், மூளை வலியை இன்னும் எளிதாக உணரத் தொடங்கிவிடும். அந்த வலிக்கு மறுபடி மாத்திரை, அப்புறம் மறுபடி வலி.

எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை என்றால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால் அதிகம். கஃபீன் சேர்ந்த கலவை மாத்திரை, டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து), டிரமடால் (வீரியமான வலி மாத்திரை) என்றால் 10 நாளே அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போய், மாதத்தில் பாதி நாளாவது தலை வலித்தால், மருந்தின் மேல்தான் முதல் சந்தேகம். உங்களுடையது கலவையா என்று அட்டையின் பின்புறம் பாருங்கள்.

வலி வருமோ என்ற பயத்திலேயே முன்கூட்டிப் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. தலைவலி என்று சொன்னால் போதும், பக்கத்து மேசைக்காரர் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டுவார். காலையில் சாப்பிட்டீர்களா, ராத்திரி தூங்கினீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபனை ஒரேயடியாக நிறுத்தலாம். ஆனால் டிரமடால், அதே வகையான கோடீன், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தியதும் இரண்டு முதல் பத்து நாள் வரை வலி கூடும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சலும் வரலாம். பலரும் திரும்ப மாத்திரையைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். காபியையும் அதே வாரத்தில் விட்டுவிடாதீர்கள், அதை விட்டாலும் தலை வலிக்கும். பழைய ஒற்றைத் தலைவலி அடிக்கடி வந்தால், அமிட்ரிப்டிலின், புரோப்ரனலால் போன்ற தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். பெரும்பாலானோருக்கு இரண்டு மாதத்துக்குள் வித்தியாசம் தெரியும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை வேண்டாம். போடும் நாளைக் காலண்டரில் குறியுங்கள்.

திடீரென்று இடி இறங்கியதுபோல் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று ஏதாவது வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.