வாடைக்கு வழிவிடு: லொரேட்டோ முதல் லா பாஸ் வரை சிறுபடகில் – கேள்வி பதில்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில், உள்கடல் (கலிஃபோர்னியா வளைகுடா) பக்கமான கிழக்குக் கரை. லொரேட்டோவிலிருந்து லா பாஸ் வரை கடல்வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கயாக்கிலோ (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகு) சிறு திறந்த படகிலோ போய், இரவில் மணலில் கூடாரம் போடுகிறவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ஓட்டல், மலிவு விமானச் சீட்டு இதெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஸ்காபரோ பனிமனிதன்: அண்ணை, இங்க மைனஸ் 22. ஜனவரியில அங்க வெயில் காயலாமோ? எந்த மாசம் திறம்?

பதில்: காற்று விழுந்த நாளில் தாராளமாகக் காயலாம். ஜனவரியில் பகல் 22–24 டிகிரி, இரவு 10–12. தூக்கப்பை 5 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும். சூடான ஊர்தானே என்று போர்வையோடு போகிறவர்கள் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்தக் கரையில் குளிர்காலத்தை ஆள்வது வெயில் அல்ல, காற்று. உள்ளூரில் 'எல் நோர்த்தே' என்கிறார்கள். நமக்குப் புரிகிற சொல், வாடை. அமெரிக்காவின் நெவாடா, யூட்டா மேட்டுநிலத்தில் குளிர்ந்த கனமான காற்று தேங்கி உயரழுத்தம் உண்டாகும். அது தெற்கே வழியும்போது, இருபுறமும் மலை நிற்கும் இந்த நீண்ட கடல் புனல் மாதிரி வேலை செய்கிறது. காற்று 20 முதல் 30 நாட் (மணிக்கு 37–55 கிலோமீட்டர்), இரண்டு மூன்று நாள், சில தடவை ஒரு வாரம். அலை உயரத்தைவிட அதன் நெருக்கம்தான் தொல்லை: ஐந்து விநாடிக்கு ஒன்று, செங்குத்தாக வரும். நெவாடாப் பக்கம் அழுத்தம் 1035 மில்லிபாரைத் தாண்டுவதாக முன்னறிவிப்பு சொன்னால், அடுத்த ஓரிரு நாளைக்குக் கரையில் வேலை தேடிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பாதி நல்லது, கடலும் இன்னும் சூடாக இருக்கும். மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முழுவதும் நல்லது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். மூன்று நாளில் ஒரு நாள் கூடாரத்துக்குள் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். திரும்பும் விமானத்துக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே பயணம் முடிகிற மாதிரி திட்டம் போடுங்கள். சீட்டில் உள்ள தேதிக்காக வாடையில் இறங்குவதுதான் விபத்துக்கு விதை.

கோவை கயல்: சார், தெற்கே லா பாஸிலிருந்து வடக்கே போனால் என்ன? லா பாஸுக்கு வருவதுதான் எளிது.

பதில்: குளிர்காலத்தில் வேண்டாம். வாடையை முகத்தில் வாங்கிக்கொண்டு துடுப்பு போட முடியாது. வடக்கிலிருந்து தெற்கேதான். முதுகில் காற்று என்று மகிழவும் வேண்டாம். பின்னாலிருந்து வரும் அலையின் அளவு கண்ணுக்குத் தெரியாது. 'ஜோராகப் போகிறோம்' என்று தோன்றும் நேரத்தில் முனை திரும்பியிருப்பீர்கள். வடக்குப் பார்த்த கடற்கரையெல்லாம் அலை உடைந்துகொண்டிருக்கும், இறங்க இடம் இருக்காது. அதனால் முகாமுக்கு எப்போதும் தெற்குப் பார்த்துத் திறந்த, வடக்கே ஒரு மூக்கு நீண்டிருக்கும் குடாவைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் அவற்றை முன்கூட்டியே குறித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி நெஞ்சுப் பையில் வைத்திருங்கள்.

விடியும்முன் எழுந்து, வெளிச்சம் வந்ததும் தண்ணீரில் இருக்க வேண்டும். காற்று பெரும்பாலும் 10 மணி வாக்கில் எழும். 15–20 கிலோமீட்டர் முடிந்ததும் கரை. நண்பகலுக்குப் பிறகு துடுப்பைத் தொடாதீர்கள்.

பிராம்ப்டன் அப்பு: குடிதண்ணி எவ்வளவு? வழியில கிணறு இருக்கா?

பதில்: கிணற்றை நம்பிப் போகிற கரை இல்லை இது, பாலைவனம் நேராகக் கடலில் இறங்குகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். அதற்கு மேல் 3 நாள் வாடை இருப்பு.

கணக்கு இப்படி. இரண்டு பேர். லொரேட்டோவிலிருந்து அகுவா வெர்டே கிராமம் வரை 4 நாள். அங்கே சிறு கடை உண்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அகுவா வெர்டேயிலிருந்து சான் எவாரிஸ்தோ என்ற மீனவக் கிராமம் வரை 5 நாள். இந்த நடுத் துண்டுதான் வெறுமை. ஹிகாந்தா மலைத்தொடர் கடலோடு ஒட்டி நிற்கும், இறங்க இடம் தள்ளித் தள்ளித்தான் கிடைக்கும். 2 பேர், 4 லிட்டர், 5 நாள், கூட 3 நாள்: 64 லிட்டர். அதாவது 64 கிலோ. ஒரே பெரிய கேனில் கொண்டுபோகாதீர்கள். 4 முதல் 10 லிட்டர் பைகளாகப் பிரித்து, படகின் நடுவில், அடித்தட்டோடு ஒட்டி வையுங்கள். ஒரு பை ஓட்டையானால் ஒரு நாள்தான் போகும். கயாக்கின் மூக்கில் தண்ணீரை அடைத்தால் பின்னலையில் மூக்கு புதைந்து படகு பக்கவாட்டில் திரும்பும்.

சோறு வடிக்க மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கடல்நீர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இந்தக் கலவையில் 9 கிராம் வாக்கில் வரும், தனியாக உப்பு வேண்டாம். உண்மையில் அரிசியே வேண்டாம். கெட்டி அவல், ரவை, 15 நிமிடத்தில் குழையும் மைசூர் பருப்பு. எரிபொருளும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். பாத்திரம் கழுவ மணலும் கடலும்.

நல்ல தண்ணீரை ஒரு டம்ளர்கூடத் திறந்து வைக்காதீர்கள். அந்த வறட்சியில் தேனீக்கள் மோப்பம் பிடித்து முதலில் நாலு வரும், அரை மணியில் நானூறு வரும். தண்ணீர்ப் பையின் மூடியில் கசியும் ஈரத்தைக்கூட மொய்க்கும். மூடியைத் துடைத்து, துணியால் சுற்றி நிழலில் வையுங்கள். சூரியன் மறைந்ததும் போய்விடும்.

டல்லாஸ் நிலா: எந்த மாதம் போகலாம் அண்ணா?

பதில்: முதல் பதில்.

ஹாமில்டன் குமர்: கடல் 19 டிகிரி எண்டு போட்டிருக்கு. ஒன்ராரியோ ஏரிக்குப் பழகின எங்களுக்கு அது சுடுதண்ணி. ஈர உடுப்பு (வெட்சூட்) தேவையோ?

பதில்: தேவை. குளிக்க 19 டிகிரி சுகம்தான். கவிழ்ந்து, காற்றில் ஒரு மணி நேரம் படகைப் பிடித்துத் தொங்கினால் முதலில் விரல்கள் மடங்காது. பிறகு மிதவைக் கவசத்தின் (லைஃப் ஜாக்கெட்) கொக்கியை மாட்ட முடியாது. பிறகு படகில் ஏற முடியாது. கையில்லாத 3 மில்லிமீட்டர் ஈர உடை, மேலே காற்றுத் தடுப்புச் சட்டை. மிதவைக் கவசம் உடம்பில்; தட்டில் கட்டி வைப்பது அலங்காரம்.

ஃபீனிக்ஸ் வள்ளக்காரர்: எல்லாரும் கயாக் கயாக் என்கிறீர்கள். என்னிடம் 5 மீட்டர் அலுமினியப் படகு, 15 குதிரைத்திறன் மோட்டார். வண்டியில் இழுத்து வருவேன். நங்கூரம் போட்டுவிட்டுக் கரையில் தூங்கினால் என்ன குறை?

பதில்: நடுச்சாமத்தில் காற்று திரும்பினால் குறை தெரியும். உங்களால் தூக்க முடியாத படகோடு இந்தக் கரைக்குப் போகாதீர்கள் என்பது என் கட்சி.

மாலையில் அமைதியாக இருக்கும். 3 மீட்டர் ஆழத்தில் 3 கிலோ நங்கூரம், 15 மீட்டர் கயிறு விட்டுவிட்டுப் படுப்பீர்கள். இரவில் சில பள்ளத்தாக்குகள் வழியாக மேற்கிலிருந்து திடீர்க் காற்று இறங்கும். அது படகைக் கடலுக்குள் தள்ளும். வடக்குப் பார்த்த குடாவில் வாடையானால் கரைமேல் தள்ளும். பின்புறம் கரையில் தட்டியதும் ஒவ்வொரு அலையும் உள்ளே கொட்டும். 300 லிட்டர் உள்ளே வந்தால் 300 கிலோ. அதன் பிறகு இரண்டு பேர் என்ன இழுத்தாலும் அசையாது.

போடத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காகப் போடுங்கள். 4 மீட்டர் சங்கிலி; ஆழம், ஓதம் (கடல்மட்டம் ஏறும் அளவு), நீருக்கு மேலே படகு மூக்கின் உயரம் மூன்றையும் கூட்டி ஏழால் பெருக்கிய நீளத்துக்குக் கயிறு. 3 மீட்டர் ஆழம், ஓதம் 1, மூக்கு அரை மீட்டர் என்றால் 31.5 மீட்டர் வரும். முகமூடி போட்டுக் குதித்து நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குண்டுக்கல்மேல் கிடந்தால் அது நங்கூரம் இல்லை, பாரம்.

நாகைக்காரன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்க பக்கம் ஃபைபர் படகையே மணலில் ஏற்றி வைக்கிறோம். உருளை போட்டால் ஏறாதா?

பதில்: உங்கள் பக்கம் எட்டுப் பேர் தோள் கொடுப்பார்கள், இப்போது டிராக்டரும் வந்துவிட்டது. இங்கே இரண்டு பேர்.

ஃபீனிக்ஸ் வள்ளக்காரர்: காற்றடைத்த ரப்பர் உருளை மூன்று இருக்கிறது. கப்பியும் உண்டு. கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், சும்மா மிரட்டாதீர்கள்.

பதில்: போடுவோம். வெறும் கூடு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 50, பெட்ரோல் 60, தண்ணீர் 60, சாமான் 60. எல்லாவற்றையும் இறக்கினால்தான் 150. எட்டுக்கு ஒன்று சரிவில் அதன் இழுவை 19 கிலோ. மணல் உராய்வு இன்னொரு 25 என்று வையுங்கள். 45 கிலோ. மூன்றுக்கு ஒன்று கப்பி, அதன் சொந்த உராய்வையும் சேர்த்தால் கையில் 20 கிலோ சொச்சம். இரண்டு பேர் இழுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

கப்பியை எதில் கட்டுவீர்கள்? அங்கே மரம் இல்லை. மணலில் முளை அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். இழுக்கும் திசைக்குக் குறுக்காக 60 சென்டிமீட்டர் ஆழக் குழி, அதில் மணல் நிரப்பிய சாக்கு, சாக்கின் இடுப்பில் கயிறு. கயிறு வெளியே வர ஒரு சரிவான கீறல் வெட்டுங்கள். நேராக மேலே வந்தால் சாக்கும் மேலே வரும். குழியை மூடி, மிதித்து இறுக்கிவிட்டு இழுங்கள்.

ஆனால் இறக்கி ஏற்ற மாலையில் ஒன்றரை மணி, காலையில் ஒன்றரை மணி. அமைதியான காலை நேரமே நாலு மணிதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணலில் செலவிடுவீர்கள்.

ஃபீனிக்ஸ் வள்ளக்காரர்: நீங்கள் 4 மணி நேரத்தில் போவது 20 கிலோமீட்டர். நான் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். எனக்கு ஒரு மணி போதும்.

பதில்: அது சரியான வாதம். மோட்டார் படகுக்கு என் நேரக் கணக்கு பொருந்தாது, அதை விட்டுவிடுகிறேன்.

பெட்ரோலை விடமாட்டேன். அந்த மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு 5–6 லிட்டர் குடிக்கும். 240 கிலோமீட்டருக்கு 53 லிட்டர், மூன்றில் ஒரு பங்கு இருப்பு என்பதைப் பாதியாக உயர்த்தி 80 என்று வையுங்கள். ஏனென்றால் 60 சென்டிமீட்டர் நெருக்கலையில் படகு நீர்மேல் எழுந்து ஓடாது. 8 கிலோமீட்டர் வேகத்தில் உழும், கிலோமீட்டருக்குச் செலவு இரட்டிப்பாகும். பங்க்கை நம்புவதென்றால் லொரேட்டோவும் லா பாஸும்தான். கிராமத்தில் பங்கா எனும் மீன்பிடிப் படகுக்காரர்கள் பீப்பாயிலிருந்து கொடுத்தால் அவர்கள் தயவு. அவர்களுடைய மீன்பிடி பெட்ரோல் அது.

நாகைக்காரன்: அப்போ உருளை ஓகேதானே?

பதில்: ஒரே இடத்தில் நாலைந்து நாள் முகாம் போட்டுச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஓகே. தினம் இடம் மாற்றுகிறவர் மூன்றாம் நாள் சோம்பல்பட்டு நங்கூரத்தோடு விடுவார். அன்றைக்குத்தான் வாடை வரும்.

மார்க்கம் தேவி: பிள்ளைகளோடு போகிறோம். திருக்கை கொட்டும் என்கிறார்களே?

பதில்: சிறு திருக்கைகள் ஆழம் குறைந்த மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால்தான் வாலை வீசும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்கச் சொல்லிக் கொடுங்கள். அதிர்வு பட்டதும் ஓடிவிடும். கொட்டினால் 45 டிகிரிக்கு மிகாத சூட்டு நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைக்க வேண்டும். சூட்டைக் கொட்டாத காலால் பாருங்கள். வலிக்கிற கால் கொதிநீரையும் சுகம் என்று சொல்லும். முள் துண்டு உள்ளே இருந்தாலோ மூச்சு முட்டினாலோ மருத்துவர்.

பென்சில்வேனியா பரணி: கேஸ் அடுப்பு எடுத்துவரலாமா?

பதில்: அடுப்பை விமானத்தில் கொண்டுவரலாம், எரிபொருள் நாற்றம் துளியும் இல்லாவிட்டால். கேஸ் குப்பி கூடாது. மருந்துக் கடை ஆல்கஹால் லொரேட்டோவில் கிடைக்கும். அரை லிட்டர் நீர் கொதிக்க ஏறக்குறைய 30 மில்லி, காற்று மறைப்பு இருந்தால். வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா என்று குனிந்து பார்த்து மறுபடி ஊற்றுகிறவர்கள்தான் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஒட்டாவா ரவி: இந்தியக் கடவுச்சீட்டு, கனடா நிரந்தர வதிவிடம். மெக்சிகோ விசா வேண்டுமா?

பதில்: செல்லுபடியாகும் நிரந்தர வதிவிட அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். புறப்படும்முன் தூதரகப் பக்கத்தில் ஒரு முறை பாருங்கள்.

மதுரை சுந்தர்: அவ்வளவு தூரம் எதற்கு? மன்னார் வளைகுடாத் தீவுகளில் கூடாரம் போடலாமே?

பதில்: அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது.

இங்கேயும் தீவுகள் சும்மா கிடக்கவில்லை. லொரேட்டோ குடா 1996 முதல் தேசியப் பூங்கா. கொரொனாடோஸ், கார்மென், தன்சான்தே எல்லாம் அதற்குள். அனுமதிக் கட்டணம் கட்டுங்கள். தீவில் விறகு எரிக்காதீர்கள். மலத்தைக்கூடப் பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டும்; அந்த வறண்ட மண்ணில் புதைத்தது அடுத்த வருடமும் அப்படியே இருக்கும். சான்டா கேத்தலினா தீவுக்கு மட்டும் கயாக்கில் ஆசைப்படாதீர்கள், கரையிலிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில் திறந்த கடல். அங்கே கிலுகிலுப்பை இல்லாத கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, எச்சரிக்கைச் சத்தமே வராது.

டல்லாஸ் நிலா: டிசம்பர் 20 முதல் 30 வரைதான் லீவு. 30 இரவு விமானம். முழுத் தூரமும் முடியுமா?

பதில்: முடியாது. லொரேட்டோவிலிருந்து புவெர்ட்டோ எஸ்கொண்டிடோ, தன்சான்தே, அகுவா வெர்டே. 65 கிலோமீட்டர். 26ஆம் தேதிக்குள் அகுவா வெர்டே வந்து சேரும்படி வையுங்கள், அங்கிருந்து மண்சாலை இருக்கிறது, வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். 27ஆம் தேதி கடல் கண்ணாடி மாதிரி இருந்தாலும் 'இன்னும் ஒரு குடா' என்று தெற்கே போகாதீர்கள். அகுவா வெர்டேக்குத் தெற்கே அடுத்த நிம்மதியான சாலை வெகு தூரம்.