ஓசூர் டென்னிஸ் மைதானம்: மனுவில் இதைச் சேருங்கள்

'பணக்காரர் விளையாட்டு, இடமும் இல்லை' என்று, ஓசூரில் டென்னிஸ் மைதானம் கேட்டு நீங்கள் கொடுத்த மனுவைக் கவுன்சிலர் திருப்பித் தந்ததாக எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். 2019-லேயே மாநகராட்சியான ஓசூருக்கு இது நியாயமான கோரிக்கை.

முதலில் இடக்கணக்கைக் காட்டுங்கள். ஒரு டென்னிஸ் கோர்ட்டின், அதாவது ஆடுகளத்தின், கோடுகள் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம்தான். ஆனால் பந்தைத் துரத்தி ஓட இடம் வேண்டுமே! அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 36.6-க்கு 18.3 மீட்டர். ஒன்றரை ஏக்கரில் ஆறு கோர்ட்டும் நடைபாதையும் வண்டி நிறுத்தமும் அடங்கிவிடும். நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். இல்லையென்றால் மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

அப்புறம், தனியாக அடித்துப் பழக ஒரு சுவரும் கேளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் இலவசம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். 'பணக்காரர்' பேச்சு அடங்கும். காலி இடம் ஏதாவது கண்ணில் பட்டால் அளவைப் போடுங்கள், வரைபடம் போட்டுத் தருகிறேன்.