வலைக் குடிலுக்குள் பூச்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மொட்டை மாடியில் 10-க்கு 12 அடி அளவில் பச்சை நிழல்வலை கட்டி, நான்கு பக்கமும் மூடிவிட்டோம். ஆனாலும் வெண்டைச் செடியைத் தொட்டாலே வெள்ளையாகச் சின்னப் பூச்சிகள் பறக்கின்றன. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மூடிய குடிலுக்குள் எப்படி வந்தது? வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தும் போகவில்லை.
*– வாசகி, தாம்பரம்*

நீங்கள் கட்டியிருப்பது நிழல்வலை, பூச்சிவலை அல்ல. கடையில் ‘50 சதவீதம்’ என்று சொல்லித் தருவது வெயிலை எவ்வளவு மறைக்கும் என்ற கணக்கு. அதன் கண்கள் வழியாக வெள்ளை ஈ தாராளமாக நுழையும், ஏனென்றால் அது ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பூச்சிவலையை ‘மெஷ்’ கணக்கில் கேட்டு வாங்க வேண்டும். 40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 40 கண். வெள்ளை ஈக்கு 50 மெஷ்தான் நம்பகமானது. இலைப்பேன் அதிலும் புகுந்துவிடும். அதைவிட நெருக்கமான வலை போட்டால் காற்றோட்டம் நின்று, நம் ஊர் வெயிலில் செடி வெந்துபோகும். 50 மெஷ்ஷிலேயே காற்று குறையும் என்பதால் கூரை 8 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கங்கள், கூரை எல்லாவற்றுக்கும் பூச்சிவலை போடுங்கள். நிழல்வலையை அதன் மேல் தனியாக, இழுத்து மூடவும் சுருட்டவும் வசதியாகக் கட்டி, பங்குனி முதல் ஆனி வரை மட்டும் விரியுங்கள்.

வலையின் அடிப்பக்கத்தைத் தரையோடு ஒட்டவைக்க மணல் நிரப்பிய பழைய பி.வி.சி. குழாய் போதும். வாசலில் இரண்டு திரை வேண்டும். ஒன்றைத் தாண்டி, அது மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பல குடில்களில் பூச்சி நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். இன்னொரு வழி நாற்று. நர்சரியிலிருந்து வாங்கிய நாற்றை நேராக உள்ளே கொண்டுபோகாமல் பத்து நாள் வெளியே தனியாக வைத்து, இலையின் அடிப்புறத்தைப் பார்த்த பிறகே உள்ளே அனுமதியுங்கள். உள்ளே போன பூச்சிக்கு மழை கிடையாது, காற்று கிடையாது, பொறிவண்டும் வராது. திறந்த மாடியில் மூன்று வாரத்தில் அடங்குவது, மூடிய குடிலில் மூன்று வாரத்தில் செடி முழுவதும் பரவுவது இதனால்தான்.

இனி வேப்பெண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை என்பது. ஓர் இலையைத் திருப்பி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். பறக்கிற ஈ கொஞ்சம்தான். நரம்போரம் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் வெளிர்மஞ்சள் செதில்கள்தான் அதன் குஞ்சுகள். மேலிருந்து அடிக்கும் மருந்து அவற்றின் மீது படவே படாது. தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து இலையின் அடிப்புறம் சொட்டும் வரை அடிக்க வேண்டும். முட்டைக்கு மருந்து அவ்வளவாக ஏறாது. முட்டையிலிருந்து ஈயாக மாற, நம் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதனால் ஐந்து நாளுக்கு ஒருமுறையாக நான்கு முறை அடித்தால்தான் ஒரு தலைமுறை அறுபடும். இரண்டு முறையோடு நிறுத்தினால் புதிதாகப் பொரித்தவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி. முதலில் ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை குலுக்குங்கள். பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது கலக்கவில்லை என்று அர்த்தம், அப்படியே அடித்தால் இலை கருகும். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். மாலை 5 மணிக்கு மேல்தான் தெளிக்க வேண்டும். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு அல்லது மூன்று, செடியின் நுனி உயரத்தில் தொங்கட்டும். செடி வளர வளர அதையும் உயர்த்துங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் தகட்டில் விளக்கெண்ணெய் தடவியும் செய்யலாம், வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

நரம்பு மஞ்சளான வெண்டையைக் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு தேமல் வைரஸ். மருந்து இல்லை. ஈக்கள் மந்தமாக இருக்கும் விடியற்காலையில், செடியின் மேல் பெரிய பாலித்தீன் உறையைக் கவிழ்த்து, அதோடு சேர்த்துப் பிடுங்கி வெளியே கொண்டுபோய்விடுங்கள். உறை போடாமல் பிடுங்கினால் அதிலிருந்த ஈக்கள் பக்கத்துத் தக்காளிக்குப் போகும். அடுத்த பட்டத்துக்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெண்டை ரகமான அர்கா அனாமிகா, தக்காளியில் அர்கா ரக்ஷக் ஆகியவற்றைத் தேடி வாங்குங்கள். முன்னது இந்தத் தேமலையும் பின்னது இலைச்சுருட்டு வைரஸையும் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டவை. தாங்கும் திறன் என்பது முழுப் பாதுகாப்பு அல்ல, ஈயை விரட்டும் வேலை அப்போதும் இருக்கும்.

பச்சைமிளகாய்ச் செடியில் நுனி இலையெல்லாம் சுருண்டுவிட்டது. ஒருவர் பேன் என்கிறார், ஒருவர் சிலந்தி என்கிறார், ஒருவர் போரான் குறைவு என்கிறார். எதற்கு மருந்து அடிப்பது?
*– வாசகர், பாளையங்கோட்டை*

மருந்துக்கு முன்னால் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகு மாதிரி இருந்து, இலைக்காம்பும் நீண்டு போயிருந்தால் முரணைச் சிலந்தி. மேலும் கீழும் கலந்திருந்தால் இரண்டும் இருக்கலாம். செடியே குட்டையாகி, இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து வெளுத்திருந்தால் வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பிடுங்கிவிடுவதுதான் வழி.

உறுதிப்படுத்த ஒரு வெள்ளைத்தாளை நுனியின் கீழே பிடித்து, விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். கடுகில் கால்வாசிகூட இல்லாத, மெல்லிய கீற்று மாதிரி மஞ்சளாகவோ கருப்பாகவோ ஓடினால் இலைப்பேன். பூவையும் தட்டிப் பார்க்க வேண்டும். 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களை அழித்த புதிய வகை இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாகக் குடியிருக்கும், பூ கொட்டிவிடும். முரணைச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள். குடில் வைத்திருப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

சிலந்திக்குப் பூச்சிமருந்து பலிக்காது. அது எட்டுக்கால் உயிர், பூச்சியே அல்ல. கண்ட மருந்தை அடித்தால் அதைத் தின்னும் நல்ல சிலந்திகள் செத்து, இது இன்னும் பெருகும். தண்ணீரில் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில், நுனிக்கொழுந்து நனையும்படி அடித்து, பத்து நாள் கழித்து மறுபடியும் அடியுங்கள். இரண்டு எச்சரிக்கை. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெயும் கூடாது. வெள்ளரி, பாகல் போன்ற கொடிகளுக்குக் கந்தகத்தைத் தவிர்த்துவிடலாம், அவற்றின் இலை சீக்கிரம் கருகும்.

இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டும் அட்டை, 10,000 பி.பி.எம். செறிவுள்ள அசாடிராக்டின் (வேம்பிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்து) லிட்டருக்கு 2 மி.லி., வாரம் ஒருமுறை மூன்று வாரம். பெரும்பாலான இலைப்பேன்கள் மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். எனவே 12 அங்குலச் செடிப் பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கைத் தூவி மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். இதைச் செய்யாமல் இலைக்கு மட்டும் அடித்தால் பத்தாவது நாள் மறுபடியும் வரும்.

மீன் அமிலமும் பஞ்சகவ்யாவும் வாரம் இருமுறை விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து மிகுந்து கொழுந்து தளதளவென்று வந்தால் சாறு உறிஞ்சும் எல்லாவற்றுக்கும் விருந்துதான். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மி.லி. வீதம் 15 நாளுக்கு ஒருமுறை போதும்.

கத்தரியில் நுனி வாடித் தொங்குகிறது. காயை அறுத்தால் உள்ளே புழு. மோனோ அடிக்கலாமா?
*– வாசகி, திருச்சி*

அடிக்கவே கூடாது. மோனோகுரோட்டோபாஸை காய்கறிகளில் பயன்படுத்த இந்தியாவில் 2005-லேயே தடை விதித்துவிட்டார்கள். நாளைக்குப் பறித்துக் குழம்பு வைக்கப்போகிற காய் அது.

தவிர, எதை அடித்தாலும் காய்க்குள் போய்விட்ட புழுவை எட்டாது. தண்டு, காய்த் துளைப்பானின் குஞ்சு பிஞ்சாக இருக்கும்போதே காம்புத் தொப்பியின் அடியில் நுழைந்துவிடும், நுழைந்த துளை ஆறி மூடிவிடும். நீங்கள் பார்க்கும் ஓட்டை பெரும்பாலும் அது வெளியேறிய வழி. அதனால் கையும் கத்திரியும்தான் முதல் மருந்து. வாடிய நுனியை, வாட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய தண்டைப் பிளந்து பாருங்கள். வெளிர் இளஞ்சிவப்புப் புழு உள்ளே இருந்தால் சரி. இல்லாமல் குடைந்த வழி மட்டும் கீழ்நோக்கிப் போனால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள், சோப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறட்டும். வாரம் இருமுறை இப்படிச் செய்தால் காய்க்குப் போகும் புழு வெகுவாகக் குறையும்.

பிறகு பையின் மடிப்பையும் உதிர்ந்த சருகையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில், காய்ந்த இலைத் துண்டு ஒட்டிக்கொண்ட மாதிரி கெட்டியான சிறு கூடு இருக்கும். அந்துப்பூச்சி வெளிவருவது அதிலிருந்துதான். மூடிய குடிலுக்குள் இது வெளிவந்தால் போக வேறு இடம் இல்லை, உங்கள் கத்தரியில்தான் முட்டையிடும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதானால் குடிலுக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் வெளியில் இருக்கும் ஆண் பூச்சிகளை வாசலுக்கு அழைப்பதாகிவிடும். பூ எடுக்கும் பருவத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம்: 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு கிராம் காதி சோப்பு கலந்து அன்றே அடித்துவிட வேண்டும்.

பூச்சிவலை போட்ட பிறகு பாகலும் பீர்க்கனும் பூத்துப் பூத்து உதிர்கின்றன. போன வருஷம் திறந்த மாடியில் காய்த்தது, ஆனால் காயெல்லாம் புழு. எது நல்லது?
*– வாசகர், கோவை*

வலை தேனீயையும் தடுத்துவிட்டது. மகரந்தத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பாகல் காலையில் மலரும், 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் பிஞ்சு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பீர்க்கன் மாலையில் மலரும், சுரையும் அப்படித்தான். காலையில் போய்ப் பார்த்துவிட்டு ‘பூவே சரியில்லை’ என்று நினைப்பவர்கள் நிறைய. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இந்தச் சிரமம் இல்லை, தினமும் காலையில் பூங்கொத்தை லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

கொடிகளை வெளியே வளர்ப்பதென்றாலும் சரி. காய் பிடித்த மூன்று நாளுக்குள் மெல்லிய துணிப்பையோ செய்தித்தாள் உறையோ மாட்டி, காம்பருகில் கட்டிவிடுங்கள். பழ ஈ பிஞ்சில்தான் ஊசி போட்ட மாதிரி முட்டை வைக்கும். பொறி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாம்பழ ஈயை இழுக்கும் கவர்ச்சிப் பொருள் மீத்தைல் யூஜினால், கொடிக்காய் ஈயை இழுப்பது கியூ லூர். கடையில் ‘பழ ஈ பொறி’ என்று பொதுவாகக் கேட்டால் முதலாவதைத் தந்துவிடுவார்கள், பாகலுக்கு அது உதவாது.

செம்பருத்தியிலிருந்து கத்தரிக்கு மாவுப்பூச்சி வந்துவிட்டது. அதில் சில பெரிதாக, வேகமாக நடக்கின்றன. முதலில் அவற்றைத்தான் நசுக்குகிறேன்.
*– வாசகி, புதுச்சேரி*

தயவுசெய்து நிறுத்துங்கள். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், பெரும்பாலும் ஒரே இடத்தில் அப்பிக்கிடக்கும். ஒரு சென்டிமீட்டர் வரை வளர்ந்து, முதுகில் நீளமான வெள்ளை மெழுகுக் குஞ்சங்களோடு சுறுசுறுப்பாக நடப்பது, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சாகத்தான் இருக்கும். அதற்கு உங்கள் குடில் பெரிய வேட்டைக்காடு. அது இருக்கும் செடியில் சோப்போ எண்ணெயோ அடிக்காமல் விட்டுவிடுங்கள். மற்றச் செடிகளில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்து, மிஞ்சியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

எறும்பையும் நிறுத்த வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். பை வைத்திருக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். கிளையோ கயிறோ சுவரையும் வலையையும் தொட்டால் அது பாலமாகிவிடும், கிண்ணம் வைத்துப் பயனில்லை.

2008-இல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரியெல்லாம் வெள்ளைவெளேரென்று மூடிய பப்பாளி மாவுப்பூச்சி மருந்துக்கு அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோரிகோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவிதான் அடக்கியது. உங்கள் செடியில் மாவுக்குள் பழுப்பாக உப்பி, ஓட்டையோடு காய்ந்த கூடுகள் தெரிந்தால் இதுபோன்ற ஏதோ ஒரு குளவி வந்திருக்கிறது. அந்த இலைகளைப் பறித்து எறியாமல் செடியிலேயே இருக்க விடுங்கள்.

அணில் வலையைக் கடித்து உள்ளே வருகிறது.
*– வாசகர், மதுரை*

பிளாஸ்டிக் வலை அணில் பல்லுக்கு நிற்காது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு, அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையைப் பூச்சிவலைக்கு வெளியே கட்டுங்கள். பக்கத்து மரக்கிளை கூரையைத் தொட்டால் அதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலிருந்து இறங்கும். ஓட்டை விழுந்த இடத்தை அன்றைக்கே தைத்துவிட வேண்டும். அணில் போன வழியில்தான் அடுத்து வெள்ளை ஈ வரும்.