முதல் ஆம்ப் எதைக் கட்டலாம்? கேள்வி பதில்

பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கட்டுவது பற்றி, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கியிருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பாலக்கோடு, பாலிடெக்னிக் மாணவர்: எல்.இ.டி. எரிய வைத்துப் பழகிவிட்டேன். அடுத்து ஒரு ஆம்ப். கடையில் ரெடிமேடாக விற்கும் 4440 ஆம்ப் போர்டு வாங்கிவிடட்டுமா அண்ணா?

தாராளமாகப் பாட்டுக் கேட்கலாம் தம்பி, ஆனால் நீங்கள் கட்டியதாக ஆகாது. ஒயர் மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும். முதலில் எல்.எம். 386 என்ற சின்ன ஆம்ப் ஐசியில் கட்டுங்கள். எட்டுக் கால் ஐசி, நான்கைந்து கண்டன்சர், ஒரு 10 கே (கிலோ ஓம்) வால்யூம், 8 ஓம் ஸ்பீக்கர், அவ்வளவுதான். 6 வோல்ட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாட் தரும். குறைவு என்று நினைக்காதீர்கள், நல்ல டப்பாவில் போட்ட ஸ்பீக்கராக இருந்தால் ஓர் அறைக்குப் போதும். 1, 8 கால்களைச் சும்மா விட்டால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, 20 மடங்கு; இரண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போட்டால் 200. போனிலிருந்து பாட்டு என்றால் 20 போதும். போனின் இடது, வலது இரண்டையும் நேராக முறுக்கிச் சேர்க்காமல், ஆளுக்கொரு 1 கே ரெசிஸ்டர் வழியாகச் சேருங்கள்.

ஊத்தங்கரை: 386 கட்டிவிட்டேன். வால்யூமை ஏற்றினால் பாட்டோடு 'புட் புட் புட்' என்று சத்தம். ஐசி போய்விட்டதா?

ஐசி நன்றாகத்தான் இருக்கிறது. 9 வோல்ட் சதுர பேட்டரி போட்டிருப்பீர்கள். பாட்டில் பேஸ் (கனத்த ஒலி) அடி விழும்போதெல்லாம் அதன் வோல்டேஜ் இறங்கி ஏறுகிறது. அந்த ஆட்டம் உள்ளே திரும்பிப் போய்ச் சத்தமாக வருகிறது. நான்கு பென்சில் செல் போடுங்கள். 6ஆம் காலை ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை கிரவுண்டுக்குப் போடுங்கள். போர்டின் அந்த மூலையில் போட்டால் பாதிப் பயன்தான். 5ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் தொடராக வேண்டும். இதைத் தேவையில்லை என்று விடுபவர்கள்தான் பிறகு 'பாட்டே இல்லை, ஐசி மட்டும் சுடுகிறது' என்று வருவார்கள்.

தர்மபுரி: டி.டி.ஏ. 2030 ஆம்ப் ஐசிக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயரிலிருந்து இருபக்கமும் 12 வோல்ட் தருவது) போதும் என்று கடையில் சொன்னார்கள். சரியா?

எனக்குச் சரியாகப் படவில்லை. 12 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் உச்சம் 17 வரை போகும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் சொன்னதைவிடக் கூடுதலாகத் தரும்; ராத்திரியில் லைன் 250-ஐத் தொட்டால் இன்னும் ஏறும். 2030-இன் எல்லை பிளஸ், மைனஸ் இருபக்கமும் 18 வோல்ட்தான். 9-0-9 வாங்குங்கள், வாட் குறைந்தாலும் ஐசி பிழைக்கும். இன்னொன்று: அதன் முதுகுத் தகடு 3ஆம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு, உள்ளேயே இணைந்திருக்கிறது. நடுவே மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) வைக்காமல் ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) திருகி, அந்த ஹீட் சிங்க் கிரவுண்டான பெட்டியைத் தொட்டால் சப்ளை ஷார்ட். ஆனால் 230 வோல்ட் தொடும் வேலையை முதல் ஆம்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

காவேரிப்பட்டினம்: மாங்காய் ஏற்றும் டிராக்டரில் பாட்டுக்கு?

டி.டி.ஏ. 2003 ஐசி. கார் ரேடியோவுக்கென்றே வந்தது. பேட்டரி லைனில் திடீரென எகிறும் 40 வோல்ட் வரை தாங்கும். 4 ஓமில் 6 வாட் வரும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியில் மாட்டாதீர்கள்.

ஓசூர்: 50 வாட்டாகக் கட்டினால் 5 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் வருமா சார்?

காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். உங்களுக்கென்ன, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தானே.

அரூர்: எட்டாவது படிக்கும் மகள் கட்ட ஆசைப்படுகிறாள். பி.ஏ.எம். 8403 என்ற சின்ன ஆம்ப் போர்டு கொடுக்கலாமா?

5 வோல்ட்தான், பயமில்லை. ஆனால் அதில் ஸ்பீக்கர் மைனஸ் இரண்டையும் ஒன்றாகவோ கிரவுண்டோடோ சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் 386-ஐ பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் கால்களைச் செருகும் பலகையில்) கட்டட்டும். ஈயப்பற்று பிறகு, 25 வாட் சால்டரிங் அயர்னும் அதற்கொரு ஸ்டாண்டும் வாங்கி, ஜன்னல் ஓரமாக.