இரத்தம் கலந்த எச்சம்: ஒரு குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா?

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "38 ஊர்க்கோழிக் குஞ்சுகள், வயது 26 நாள். மழை பிடித்த பிறகு ஒன்று செட்டையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நிற்கிறது. எச்சம் செம்மண் நிறமாகப் போகிறது. அதை வேறாக்கி மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தேன். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோற்றிக்கைக் கொடுக்கலாமா? மற்றக் குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது?"

வேறாக்கியது சரி. அன்ரிபயோற்றிக் வேண்டாம். நீங்கள் சொல்லும் வயது, எச்சத்தின் நிறம், மழைக்காலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல், அதாவது கொக்சிடியோசிஸ். குடலில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. பக்ரீரியாவுக்கான மருந்துகளில் பெரும்பாலானவை இதைத் தொடவே மாட்டா. மஞ்சளும் வெங்காயமும் கெடுதல் செய்யாது, ஆனால் அவற்றை நம்பி இரண்டு நாளைக் கடத்துவதுதான் கெடுதல்.

ஏன் அவசரம் என்றால், குஞ்சு ஒட்டுண்ணியின் முட்டையை விழுங்கி ஏறத்தாழ ஐந்தாம் நாளில்தான் இரத்தம் தெரியும். இன்று மூலையில் நிற்கும் குஞ்சு போன கிழமை கொத்திய, கூட்டுத் தரையில் பரப்பிய அதே உமியைத்தான் மற்ற 37 குஞ்சுகளும் கொத்தின. அவற்றின் குடலிலும் இப்போது அது பெருகிக்கொண்டிருக்கும், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே மருந்து முழுக் கூட்டத்தின் தண்ணீருக்குப் போக வேண்டும், இன்றைக்கே.

மருந்தின் பெயர் அம்ப்ரோலியம். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். போத்தலை வாங்கியதும் முதலில் சதவீதத்தைப் பாருங்கள், பிழை விடுவது பெரும்பாலும் அங்கேதான். 9.6 சதவீதத் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2.5 மில்லிலீற்றர். 20 சதவீதத் தூள் என்றால் ஒரு லீற்றருக்கு 1.2 கிராம். மூன்று தொடக்கம் ஐந்து நாள் இப்படிக் கொடுத்து, பிறகு அளவை நாலில் ஒன்றாக்கி (திரவம் 0.6 மில்லிலீற்றர், தூள் 0.3 கிராம்) இன்னும் ஒன்று, இரண்டு கிழமை தொடருங்கள். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். திரவத்துக்கு ஊசி இல்லாத சிரிஞ்சு, தூளுக்குச் சின்ன மின்தராசு. 0.3 கிராமை நிறுப்பது கஷ்டம் என்றால் 4 லீற்றருக்கு 1.2 கிராமாகக் கலந்து, மிஞ்சுவதை ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் விடியப் புதிதாகக் கலக்க வேண்டும். வேறு தண்ணீர் எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. கூரையிலிருந்து ஒழுகித் தேங்கிய மழைத்தண்ணீரும் வேறு தண்ணீர்தான்.

குஞ்சு சோர்ந்து போச்சே என்று இதே நாட்களில் வைற்றமின் பி கலவை கொடுப்பவர்கள் அதிகம். அம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்கு வைற்றமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான் அதைக் கொல்கிறது. நீங்களே பி1 ஊற்றினால் மருந்தின் வேலை கெடும். வைற்றமின் எல்லாம் மருந்து முடிந்த பிறகு.

வேறாக்கிய குஞ்சைப் பத்திரிகைத்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் விடுங்கள். தாளில் எச்சம் தெளிவாகத் தெரியும், விடியவும் பொழுதுபடவும் மாற்றலாம். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மேல் மட்டும் 40 வாற் மின்குமிழ் ஒன்று தொங்கட்டும். சூடு வேண்டுமென்றால் கிட்டப் போகும், கூடினால் விலகும். தானாகக் குடிக்காவிட்டால் மருந்துத் தண்ணீரைச் சொண்டின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம்: இந்த மருந்து ஒட்டுண்ணியின் ஆரம்ப நிலையைத்தான் நன்றாக அடக்கும். ஏற்கெனவே இரத்தம் போகும் குஞ்சு தப்பாமலும் போகலாம். அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

இனிக் கூட்டின் தரை. எச்சத்தோடு வெளியே வரும் முட்டை அந்த நேரத்தில் தொற்றாது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிய ஓரடி வட்டம்தான் இதற்கு வாய்ப்பான இடம். ஒரு கைப்பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, கட்டியாகவே நின்றால் அந்த இடம் முழுவதையும் வாரி எடுத்து 2 அங்குலத்துக்குக் காய்ந்த உமியோ மரத்தூளோ போடுங்கள். பாத்திரத்தைச் செங்கல் வைத்துக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தினால் சிந்துவதும் எச்சம் விழுவதும் குறையும். டெற்றோல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து மன ஆறுதல் அடைய வேண்டாம். இந்த முட்டையின் ஓடு அவற்றுக்கு மசியாது. தரையைக் காயவிடுவதும் வெய்யிலும் கொதிநீரும்தான் உதவும்.

பெரிய கோழிகள் இந்த ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாகத் திரியும். எட்டுக் கிழமை வரையாவது குஞ்சுகளை அவற்றோடு விடாதீர்கள். தீன் வைக்கும்போது முதலில் குஞ்சுகள், பிறகு பெரியவை, கடைசியில் வருத்தக்காரக் குஞ்சு. குஞ்சுக் கூட்டுக்கென்று ஒரு சோடி செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும். சந்தையில் வாங்கும் கோழியை மூன்று, நாலு கிழமை தள்ளி வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கலாம்.

எச்சம் பச்சையாக, கழுத்து முறுக்கி, மூச்சுக்கு வாயைத் திறந்துகொண்டு பெரியவையும் சின்னவையும் அடுத்தடுத்துச் சாய்ந்தால் கதை வேறு. அது இராணிக்கெட் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. ஒரு கோழியையும் விற்காமல், யாருக்கும் கொடுக்காமல், உடனே உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

குஞ்சு செத்தால் இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, ஐஸ் கட்டியோடு அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உறையவிட்டால் உறுப்புகள் சிதைந்து எதுவும் தெரியாது. வயிற்றைத் திறந்ததும், குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு குருட்டுப் பைகள் வீங்கிக் கருஞ்சிவப்பு இரத்தம் நிரம்பியிருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மற்றவற்றைப் புதைப்பதானால் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி 2 அடிக்குக் குறையாமல் தோண்டி, மேலே நீற்றுச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். நம் ஊர்ச் சுண்ணக்கல்லுக்குள் போவதெல்லாம் கிணற்றுக்குத்தான் வரும். மாரியில் குழிக்குள் தண்ணீர் ஊறினால் புதைக்காமல் எரியுங்கள். வெறுங்காணியில் எறிந்தால் நாயும் காகமும் அடுத்த வளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இராணிக்கெட் தடுப்பு மருந்தை முதற் கிழமையில் கண்ணில் ஒரு சொட்டும், நாலாம் கிழமையளவில் மறுபடியும் விட வேண்டும். உங்கள் குஞ்சுகளுக்கு இதுவரை போடாவிட்டால், கழிச்சல் முழுவதும் நின்ற பிறகு போடுங்கள், வருத்தத்தோடு போட வேண்டாம். ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும், கலந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அயலில் நாலு வீட்டைச் சேர்த்து ஒரே காலையில் போட்டால் செலவும் பங்காகும். குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். தண்ணீரில் கொடுப்பதானால் குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரைத் தவிருங்கள், அது தடுப்பு மருந்தையே கொன்றுவிடும்.