ஆட்குறைப்பு ஆர்டர் வராது, நடைதான் குறையும்

கேள்வி: பெருநகரப் பேருந்து டிப்போ ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக நடத்துநராக இருக்கிறேன். பக்கத்து டிப்போவுக்குத் தனியார் நிறுவனம் ஓட்டும் மின்சாரப் பேருந்துகள் வந்துவிட்டன. ஓட்டுநர்கள் அந்த நிறுவனத்து ஆட்கள். எங்கள் டிப்போவில் ரிட்டயர் ஆனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. சங்கத்தில் ஸ்டிரைக் பேச்சு அடிபடுகிறது. எங்கள் வேலை போய்விடுமா? ஸ்டிரைக்கில் இறங்கினால் என்ன சிக்கல் வரும்? அதற்கு முன்னால் செய்ய வேறு ஏதாவது இருக்கிறதா?

பதில்: வேலைநீக்க ஆர்டர் உங்கள் கைக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. அரசுப் பேருந்துத் துறையில் ஆட்கள் குறைவது அப்படி இல்லை. ஒருவர் ரிட்டயர் ஆவார், அவர் இடம் காலியாகவே கிடக்கும். ஆள் இல்லை என்று ஒரு நடை ரத்தாகும். கொஞ்ச நாளில் அந்த நடையே அட்டவணையிலிருந்து காணாமல் போகும். பழைய பேருந்தைக் கழித்துக் கட்டியதும் அந்தத் தடத்துக்கு வருகிற புது வண்டி ஒப்பந்தக்காரருடையதாக இருக்கும். யாரையும் வீட்டுக்கு அனுப்பாமலே ஒரு டிப்போவைப் பாதியாக்கிவிடலாம்.

அதனால்தான் ஆட்குறைப்புக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. ஒரு மாத நோட்டீஸ், சர்வீஸில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதெல்லாம் ஆளை வெளியே அனுப்பினால்தான். "300 பேருக்கு மேல் இருந்தால் அரசு அனுமதி வேண்டும்" என்று சில துண்டறிக்கைகளில் பார்க்கிறேன். சட்டத்தில் அதைச் சொல்லும் அத்தியாயம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கானது. பேருந்து ஓட்டும் டிப்போவுக்கு அது பொருந்தும் என்று நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்.

அந்த மின்சாரப் பேருந்து விஷயத்துக்கு வருவோம். ஜிசிசி (மொத்தச் செலவு ஒப்பந்தம்) என்று சொல்கிறார்களே, அதில் வண்டி, ஓட்டுநர், பராமரிப்பு எல்லாம் ஒப்பந்தக்காரருடையது. போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும், டிக்கெட் பணத்தைக் கழகமே எடுத்துக்கொள்ளும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் 120 பேருந்துகளோடு இது தொடங்கியது. அங்கே நடத்துநர்கள் கழகத்து ஆட்களே. ஆகவே முதல் அடி ஓட்டுநருக்கும் பணிமனை டெக்னீஷியனுக்கும்தான், உங்களுக்கு இல்லை. ஆனால் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மும்பையில் நிறுத்தத்திலேயே டிக்கெட் கொடுத்துவிட்டு, சில தடங்களில் கண்டக்டர் இல்லாமல் பேருந்தை ஓட்டிப் பார்த்தார்கள்.

மும்பை கதையை உங்கள் சங்கத்தார் கட்டாயம் படிக்க வேண்டும். 2019 ஜனவரியில் அந்த நகரத்துப் பேருந்துகளை ஓட்டும் பெஸ்ட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஒன்பது நாள் ஸ்டிரைக் செய்தார்கள். அதே ஆண்டு நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் உடன்பாடு வந்தது: தனியாரிடமிருந்து குத்தகைப் பேருந்துகள் வரலாம், ஆனால் சொந்தப் பேருந்துகள் 3,337 என்ற எண்ணிக்கை குறையக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழைய வண்டிகள் ஆயுள் முடிந்து ஒவ்வொன்றாகக் கழிந்தன, மாற்று வண்டிகள் வரவில்லை. இன்று அங்கே ஓடுபவற்றில் பெரும்பகுதி குத்தகை வண்டிகள். எந்த ஆண்டு எத்தனை வண்டி வாங்குவது, வாங்காவிட்டால் என்ன என்று தேதியோடு கட்டிப்போடாத எண்ணிக்கை அது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 12(3) என்று நாம் பழக்கத்தில் சொல்லும் முத்தரப்பு ஒப்பந்தத்தில் நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தேதிகளைத்தான். கூடவே, ரிட்டயர் ஆகும் இடம் எத்தனை மாதத்துக்குள் நிரப்பப்படும், ஒப்பந்தப் பேருந்துகளில் கழகத்து நடத்துநரே இருப்பாரா, வண்டி இல்லாமல் போகும் ஓட்டுநருக்கு என்ன வேலை என்பதும் எழுத்தில் வரட்டும். ஊதிய உயர்வுப் பேச்சில் இவை கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுவது வழக்கம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் பக்கத்தில் வைப்பேன்.

சட்டத்தில் பிடிமானம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு பிரிவில் அல்லது ஷிப்டில் வேலை செய்வோர் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் 21 நாள் முன்னறிவிப்பு தேவைப்படும் மாற்றங்களில் ஒன்று. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அறிவிப்பு இல்லாமல் ஷிப்டைக் குறைத்தால் உடனே தொழிலாளர் துறையில் தகராறு எழுப்புங்கள், ஆறு மாதம் கழித்து எழுப்பினால் வலு இருக்காது. இரண்டாவது, அதே நாளில் வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்க அது தடை சொல்கிறது. போக்குவரத்துக் கழகத்துக்குப் பேருந்து ஓட்டுவதைவிட மையமான பணி எது? விதிவிலக்குகளும் உண்டு, "வழக்கமாக ஒப்பந்தக்காரர் மூலம் நடக்கும் வேலை" என்பது அதில் ஒன்று. ஜிசிசி வேரூன்றிய பிறகு நிர்வாகம் அந்த வாசலில்தான் நுழையும். ஆகவே இந்த வாதத்தை இப்போதே வக்கீலிடம் கொண்டுபோக வேண்டும்.

சரி, ஸ்டிரைக். புதிய சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 14 நாள் முடிவதற்கு முன் இறங்கக் கூடாது, நோட்டீஸின் ஆயுள் 60 நாள். சமரச அதிகாரி முதல் கூட்டம் கூட்டிவிட்டால் பேச்சு நடக்கும்வரையும், முடிந்து ஏழு நாள்வரையும் ஸ்டிரைக் சட்டவிரோதம். நிர்வாகம் கடைசி நேரத்தில் பேச்சுக்கு அழைப்பதன் சூட்சுமம் இதுதான். "ஸ்டிரைக் இல்லை, எல்லோரும் சிஎல் போடுகிறோம்" என்ற பழைய வித்தையும் இனி செல்லாது: பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்தான். சட்டவிரோதமானால் தொழிலாளிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது ஒரு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். நோட்டீஸ் இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்கவும் வழி இருக்கிறது.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் பயணிகள். 2023 மே 29 மாலை சென்னையில் தனியார் மூலம் ஆள் எடுப்பதை எதிர்த்துத் திடீரென்று பேருந்துகள் நின்றன. கோரிக்கை நியாயமானது, ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம். 2024 ஜனவரி 9 அன்று தொடங்கிய மாநில ஸ்டிரைக்கில் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் ஒரு கோரிக்கை. பொங்கல் நேரத்தில் இது தேவையா என்று உயர் நீதிமன்றம் கேட்டது, மறுநாளே ஒத்திவைக்க வேண்டியதாயிற்று.

லண்டன் சுரங்க ரயிலில் டிக்கெட் கவுன்டர்களை மூடும் திட்டத்தை எதிர்த்து 2014இல் சங்கங்கள் ஸ்டிரைக் செய்தன. கவுன்டர்கள் மூடப்பட்டுவிட்டன. 2023இல் இங்கிலாந்தின் ரயில் நிலையக் கவுன்டர்களுக்கு அதே ஆபத்து வந்தபோது ஒரு வித்தியாசம் இருந்தது: பயணிகளிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். சங்கமும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல, ஏழரை லட்சம் பதில்கள் குவிந்தன. அக்டோபர் 31 அன்று அரசு திட்டத்தையே கைவிட்டது. நமக்கு அப்படிக் கட்டாயக் கருத்துக்கேட்பு கிடையாது, அதனால் அதை நாமேதான் நடத்த வேண்டும்.

வாயிற்கூட்டத்தில் நமக்கு நாமே பேசிக்கொள்வதைக் குறைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுங்கள். "தனியார்மயத்தை எதிர்ப்போம்" என்ற நோட்டீஸை யாரும் மடித்துப் பையில் வைப்பதில்லை. "இந்தத் தடத்தில் இரவு கடைசி நடை போன மாதம் இத்தனை நாள் வரவில்லை, காரணம் ஆள் இல்லை" என்று எழுதினால் மார்க்கெட்டில் இருந்து திரும்பும் அம்மா நின்று படிப்பார். பெண்களின் இலவசப் பயணம் போய்விடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சென்னையின் சாதாரணக் கட்டண மின்சாரப் பேருந்துகளிலும் அது உண்டு. ஒரு பொய் பிடிபட்டால் மீதி உண்மையும் எடுபடாது.

அப்புறம், அந்த ஒப்பந்த ஓட்டுநர்கள். அவர்களை வில்லனாக்காதீர்கள். மும்பையில் 2023 ஆகஸ்டில் குத்தகைப் பேருந்து ஓட்டுநர்களே சம்பளத்துக்காக ஸ்டிரைக் செய்தார்கள். பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, ஓவர்டைம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளி என்ற முறையில் கழகம்தான் பொறுப்பு. அவர்களையும் சங்கத்தில் சேர்த்தால், மலிவான ஆள் என்ற கணக்கு நிர்வாகத்துக்குக் கட்டுப்படியாகாது.

இதற்கெல்லாம் எண்கள் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் டிப்போவைப் பற்றி மட்டும் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, கடந்த ஐந்து ஆண்டுகளில் ரிட்டயர் ஆனவர் எத்தனை, ஆள் இல்லாமல் ரத்தான நடைகள் மாதவாரியாக எத்தனை, கழித்த வண்டிகளும் புதிதாக வந்தவையும் எத்தனை. ஒப்பந்தக்காரருக்குக் கிலோமீட்டருக்கு என்ன விலை, ஓடாவிட்டாலும் தர வேண்டிய குறைந்தபட்ச கிலோமீட்டர் எவ்வளவு என்பதைத் தலைமை அலுவலகத்துக்குத் தனி மனுவாகப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஸ்டிரைக் நோட்டீஸின் தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.